விதைக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியவை: பயறுத் தொட்டி முதல் மீன் தொட்டி வரை ஓர் உயிரியல் ஆய்வை வடிவமைக்கும் முறை

தாவரவியல், விலங்கியல், வேளாண்மை என எந்தத் துறையில் படித்தாலும், இறுதியாண்டில் ஒரு சிறு ஆய்வு செய்து ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய கட்டம் மாணவர்களுக்கு வந்துவிடுகிறது. அப்போது அவர்கள் முதலில் கேட்பது எந்தக் கருவி வேண்டும், எந்த மென்பொருளில் கணக்குப் போடலாம் என்பவற்றைத்தான். ஆனால் நான் படித்துத் திருத்திய ஆய்வேடுகளில் வீணாய்ப் போனவை பெரும்பாலும் கருவி இல்லாமல் வீணானவை அல்ல. முதல் விதை மண்ணில் விழுவதற்கு முன்பே, எதை எண்ணப்போகிறோம் என்று தீர்மானிக்காததால் வீணானவை. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, சோதனை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தைப் பற்றியதாகவே இருக்கும். எல்லோர் கைக்கும் எட்டுகிற ஓர் எடுத்துக்காட்டை முழுக்கப் பயன்படுத்துகிறேன்: மண்புழு உரம் பாசிப்பயற்றின் வளர்ச்சியைக் கூட்டுகிறதா?

முதுகலை படிக்கும்போது ஏறத்தாழ இதே கேள்விக்காக நான் இரண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் உரம் கலந்த மண், மற்றதில் வெறும் மண், ஒவ்வொன்றிலும் இருபது நாற்றுகள். இருபத்தொரு நாள் கழித்து உயரம் அளந்து, நாற்பது எண்களையும் கணக்கில் இட்டபோது வேறுபாடு மிகத் தெளிவாக வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எத்தனை தட்டு வைத்தீர்கள்?” இரண்டு என்றேன். “அப்படியானால் ஒவ்வொரு பக்கத்திலும் உங்களுக்கு ஒரே ஓர் அளவீடுதான் இருக்கிறது” என்றார். உரத்தட்டு ஜன்னலுக்கு அருகில் இருந்தது. நாற்றுகள் உயர்ந்தது உரத்தாலா, வெளிச்சத்தாலா, அந்தத் தட்டின் அடியில் நீர் வடியும் துளை சற்றுப் பெரிதாக இருந்ததாலா என்பதைப் பிரித்துச் சொல்ல என்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை. அந்த நான்கு மாத உழைப்பைத் திரும்பச் செய்ய நேரமும் இருக்கவில்லை.

சோதனை அலகு எது?

அந்தப் பேராசிரியர் கேட்டது சோதனை அலகைப் பற்றி. ஒன்றுக்கு ஒரு வகையும் அடுத்ததற்கு வேறு வகையும் என்று தனித்தனியாகத் தரக்கூடிய மிகச் சிறிய பொருள் எதுவோ, அதுதான் சோதனை அலகு. உரத்தைத் தட்டு முழுவதற்கும் கலந்தால் தட்டுதான் அலகு. அதில் இருபது நாற்று இருந்தாலும் இருநூறு நாற்று இருந்தாலும் எண்ணிக்கை ஒன்றுதான். உரத்தைத் தொட்டி தொட்டியாகக் கலந்தால் தொட்டி அலகு. மீன்களுக்குத் தீவனம் மாற்றிப் பார்க்கிறீர்கள் என்றால், ஒரே தொட்டியில் நீந்தும் பத்து கப்பி மீன்களும் ஒரே நீரை, ஒரே வெப்பநிலையை, ஒரே நோய்த்தொற்றைப் பகிர்ந்துகொள்வதால், மீன் அலகு ஆகாது. மீன் தொட்டிதான் அலகு. ஒரு தொட்டியில் பூஞ்சை வந்தால் பத்து மீனும் மெலியும், அதைத் தீவனத்தின் தலையில் போட்டுவிடுவோம். கர்ப்பிணி எலிக்கு மருந்து கொடுத்துக் குட்டிகளின் எடையைப் பார்த்தால் தாய் எலிதான் அலகு, குட்டி அல்ல. தீப்பிடித்த ஒரு காட்டுக்கும் பிடிக்காத ஒரு காட்டுக்கும் உள்ளே ஐம்பது சதுரங்கள் போட்டு எண்ணினாலும், ஒப்பிடப்படுவது இரண்டு காடுகளே.

ஒரே வகையைப் பல தனி அலகுகளுக்குத் தருவது மறுசெய்கை. ஒரே அலகுக்குள் பலமுறை அளந்துவிட்டு, அவற்றைத் தனி அலகுகளாக எண்ணும் இந்தப் பிழைக்குப் போலி மறுசெய்கை என்று பெயர். அமெரிக்கச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல், அச்சில் வெளிவந்த 176 களச் சோதனைகளை எடுத்து ஆராய்ந்தார். அவற்றில் 27 சதவீத ஆய்வுகளில் இந்தப் பிழை இருந்தது. புள்ளியியல் சோதனை செய்து முடிவு சொன்ன ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 48 சதவீதம். தேர்ந்த ஆய்வாளர்களே தடுக்கி விழுந்த இடம் இது என்பதால், மாணவர்கள் கூச்சப்படாமல் இதில் கூடுதல் நேரம் செலவிடலாம். ஒரு தாளில் “என் சோதனை அலகு இது, இது ஒவ்வொரு பக்கத்திலும் இத்தனை” என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடியாத வரை மண்ணை நிரப்ப வேண்டாம்.

எத்தனை தொட்டிகள்?

எல்லோரும் மூன்று என்று வைக்கிறார்கள். ஏன் மூன்று என்று கேட்டால், சீனியர்கள் அப்படித்தான் வைத்தார்கள் என்பார்கள். எண்ணிக்கையைத் தீர்மானிக்க இரண்டு தகவல்கள் வேண்டும். நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாடு எவ்வளவு என்பது ஒன்று. ஒரே மாதிரி வளர்த்த செடிகளே தங்களுக்குள் எவ்வளவு மாறுபடுகின்றன, அதாவது திட்ட விலக்கம் எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டாவதை அறிய, உரம் ஏதுமின்றிப் பத்துத் தொட்டிகளை முன்னோட்டமாக வளர்த்துப் பார்ப்பது நல்லது. பிறகு லெர் விதி என்ற எளிய கணக்கு இருக்கிறது: திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை 16ஆல் பெருக்கி, எதிர்பார்க்கும் வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுத்தால், ஒவ்வொரு பக்கத்துக்கும் தேவையான தோராயமான அலகுகள் கிடைக்கும். அந்த அளவு வேறுபாடு உண்மையிலேயே இருந்தால், அதைச் சோதனை பிடித்துக்கொடுக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கும் என்பது இந்தக் கணக்கின் பொருள்.

நம் பயற்றுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 3 செ.மீ. வேறுபாட்டைப் பிடிக்க வேண்டும், திட்ட விலக்கமும் 3 செ.மீ. என்றால், பக்கத்துக்கு 16 தொட்டிகள் வேண்டும். திட்ட விலக்கத்தை 2 செ.மீ.ஆகக் குறைத்துவிட்டால் 8 தொட்டிகள் போதும். விதையைத் தரம் பிரிப்பது, மண்ணைச் சலிப்பது, நீரை அளந்து ஊற்றுவது ஆகிய சலிப்பூட்டும் வேலைகள் எல்லாம் எதற்காக என்பது இந்தக் கணக்கில்தான் தெரிகிறது: கவனமாகச் செய்கிற கை பாதித் தொட்டிகளை மிச்சப்படுத்துகிறது.

மண்புழு உரத்தைக் கன அளவில் 0, 10, 20 சதவீதம் என மூன்று அளவுகளில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 8 தொட்டிகள் என 24 தொட்டிகள் வைப்பதாகக் கொள்வோம். மூன்று அளவுகளுக்கும் மண் ஒரே குவியலிலிருந்து வர வேண்டும்.

எங்கே வைப்பது, யார் முடிவு செய்வது?

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமைச் சோதனை இன்றும் நடந்துவருகிறது. அங்கே நீண்ட பட்டைகளாகப் பிரித்த நிலத்தில், பட்டைக்கு ஓர் உரம் என்று இட்டுவந்தார்கள். பல பத்தாண்டுகளின் விளைச்சல் எண்கள் குவிந்துகிடந்த நிலையில், அவற்றை ஆராய 1919இல் வந்து சேர்ந்தவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். ஒரு பட்டையின் மண்ணே இயல்பில் வளமானதாக இருந்தால் அதையும் உரத்தையும் எப்படிப் பிரிப்பது என்ற சிக்கலைத் தீர்க்க அவர் முன்வைத்தவைதான் மறுசெய்கை, சமவாய்ப்பு (எந்த அலகுக்கு எது என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்வது), பிளாக் பிரித்தல் (ஒத்த சூழலில் உள்ள அலகுகளை ஒரு குழுவாக்குவது) என்ற மூன்று கொள்கைகள். வேளாண் கல்லூரிகளில் இன்று ஆர்.பி.டி. (சமவாய்ப்பு பிளாக் அமைப்பு) என்று சுருக்கமாகச் சொல்லும் அமைப்பு அதிலிருந்து வந்ததே.

உங்கள் இடத்தில் வெளிச்சமோ காற்றோ எந்தத் திசையில் மாறுகிறது என்று ஒரு முழு நாள் நின்று பாருங்கள். பசுமைக்குடிலின் கிழக்கு ஓரத்தில் காலை வெயில் அதிகம். குழாய்க்கு அருகில் ஈரம் அதிகம். நடைவழியின் ஓரத்தில் போகிற வருகிறவர்களின் துணி உரசும். அந்த மாற்றத்துக்குக் குறுக்காக, மூன்று மூன்று தொட்டிகள் கொண்ட எட்டு பிளாக்குகளை அமைத்தால், ஒரு பிளாக்கின் மூன்று தொட்டிகளும் ஏறத்தாழ ஒரே சூழலில் இருக்கும். பிறகு 0, 10, 20 என்று எழுதிய மூன்று சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, எடுத்த வரிசையிலேயே முதல் பிளாக்கை நிரப்புங்கள். அடுத்த பிளாக்குக்கு மீண்டும் குலுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மனம்போன போக்கில் வைப்பது சமவாய்ப்பு ஆகாது. நம் கைக்கு விருப்பு வெறுப்பு உண்டு, அது நமக்கே தெரியாமல் வேலை செய்யும்.

அந்த விருப்பு எட்டிப் பார்க்கும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். தொட்டிக்கு நான்கு விதை ஊன்றி, ஏழாம் நாள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் களைவது வழக்கம். எதை விடுவது? பெரும்பாலோர் “நல்லதாக” ஒன்றை விடுவார்கள், உரத்தொட்டிக்கு முன்னால் உட்காரும்போது அந்த நல்லது இன்னும் கொஞ்சம் நல்லதாக இருந்துவிடும். இதைத் தவிர்க்க, தொட்டிகளை அடுக்கும்போதே விளிம்பில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்து, “புள்ளிக்கு மிக அருகில் உள்ள, விதையிலை உடையாத நாற்றை விடுவது” என்று நோட்டில் எழுதிவைத்துவிட வேண்டும்.

நீர் ஊற்றுவதிலும் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. மண்புழு உரம் நீரைப் பிடித்துவைக்கும் தன்மையுடையது. எல்லாத் தொட்டிக்கும் 100 மில்லி என்று ஊற்றினால், உரத்தொட்டி நாளடைவில் அதிக ஈரமாக இருக்கும். அப்போது நீங்கள் அளப்பது ஊட்டத்தின் விளைவையும் ஈரத்தின் விளைவையும் சேர்த்து. ஊட்டத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், தொட்டியைத் தராசில் வைத்து, ஒவ்வொரு மண் கலவைக்கும் அதனதன் நீர்க்கொள்திறனில் ஒரே சதவீதம் ஈரம் இருக்கும்படி நீர் சேர்க்க வேண்டும். இரண்டில் எதுவும் தவறில்லை, எதைக் கேட்கிறீர்கள் என்பதுதான் வேறு. அதைப்போலவே, உரத்தில் உள்ள நைட்ரஜனைத் தாண்டி வேறு ஏதேனும் பயன் உண்டா என்று கேட்டால், வெறும் மண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை; அதே அளவு நைட்ரஜனை யூரியாவாகப் பெற்ற தொட்டிகளும் வேண்டும்.

அளப்பது

உயரம் என்றால் எதிலிருந்து எது வரை? மண்மட்டத்திலிருந்து நுனி மொட்டு வரையா, மேலே தூக்கிப் பிடித்த இலையின் முனை வரையா? இரண்டுக்கும் பல சென்டிமீட்டர் வேறுபாடு வரும். ஒன்றைத் தேர்ந்து, ஒரே ஆள், ஒரே அளவுகோலில், ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. இரண்டு பேர் அளக்க வேண்டியிருந்தால், ஒருவருக்கு உரத்தொட்டி மற்றவருக்கு வெறுந்தொட்டி என்று பிரிக்காமல், பிளாக் பிளாக்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உயரத்தைவிட நம்பகமானது உலர் எடை. செடியை வேரோடு எடுக்க, தொட்டியை ஒரு வாளி நீரில் அமிழ்த்தி மண்ணை இளகவிட்டு, சல்லடைமேல் மெல்ல அலச வேண்டும். இழுத்தால் நுண்வேர்கள் மண்ணோடு போய்விடும். அலசிய வேரை ஒரு வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றிப் பரப்பினால், பயறு வகைகளில் காணும் வேர்முடிச்சுகள் தெரியும். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் இருக்கிறது, அந்த முடிச்சு நைட்ரஜனை நிலைப்படுத்திக்கொண்டிருக்கிறது, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது வேலையை நிறுத்திவிட்டது. மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் பயறு வகைகள் முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே 20 சதவீத உரத்தில் செடி உயரமாகவும், முடிச்சுகள் குறைவாகவும் இருக்கக்கூடும். உயரத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகிறவர், செடி எதை வாங்கிக்கொண்டு எதை விட்டது என்பதைப் பார்க்காமலே போய்விடுகிறார். என்னைக் கேட்டால் இந்தச் சோதனையில் மிகச் சுவையான அரைமணி நேரம் அந்த வெள்ளைத் தட்டின் முன்னால் கழிவதுதான்.

தண்டையும் வேரையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, 70 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் ஓவனில் வையுங்கள். எடுத்து நிறுத்து, மீண்டும் சில மணி நேரம் வைத்து நிறுத்தால் எடை மாறாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஓவனிலிருந்து எடுத்த உறைகளை மேசையில் அடுக்கிவைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள், காய்ந்த இலைகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடைசியில் நிறுக்கும் உறைகள் எல்லாம் கூடுதல் எடை காட்டும். உலர்கலனில் (ஈரத்தை உறிஞ்சும் பொருள் இட்ட மூடிய கலத்தில்) வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, உர அளவின் வரிசையில் அல்லாமல் பிளாக் வரிசையில் நிறுங்கள். உறையிலும் செடி அட்டையிலும் எண்ணைப் பென்சிலால் எழுதுவது மேல். பேனா மை நீரிலும் ஆல்கஹாலிலும் கரைந்துபோகும், பென்சில் கரி போகாது.

அளப்பவருக்கு எது எந்தத் தொட்டி என்று தெரியாமல் இருப்பது முடிந்தவரை அவசியம். பெர்லினில் கணக்குப் போடும் குதிரை என்று பெயர்பெற்ற ஹான்ஸ், உண்மையில் கேள்வி கேட்பவரின் முகத்திலும் தலையசைவிலும் விடையைப் படித்துக்கொண்டிருந்தது என்பதை 1907இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வெளிப்படுத்தினார். 1963இல் ரோசென்தால், ஃபோடு என்ற ஆய்வாளர்கள், சாதாரண எலிகளையே சில மாணவர்களிடம் புத்திசாலி எலிகள் என்றும், வேறு சிலரிடம் மந்த எலிகள் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, “புத்திசாலி” எலிகள் புதிர்வழியில் மேலாகச் செயல்பட்டதாகப் பதிவாயிற்று. பயறு நம் முகத்தைப் பார்க்காது. ஆனால் அளவுகோலை வளைக்கும் கை நம்முடையதுதான். நண்பர் ஒருவரிடம் தொட்டி எண்களைத் தந்து, உறைகளுக்கு வேறு எண் போடச் சொல்லி, அந்தப் பட்டியலை எடை போட்டு முடியும்வரை அவரிடமே வைத்திருக்கச் செய்தால் போதும்.

விலங்குகள் என்றால்

இதே வடிவமைப்பு மீனுக்கும் கோழிக்குஞ்சுக்கும் எலிக்கும் பொருந்தும், ஆனால் அங்கே தவறின் விலையை இன்னோர் உயிர் கொடுக்கிறது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, இத்தகைய சோதனைகளுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி தேவை. சோதனை முடிந்தபிறகு அனுமதி கேட்கும் வழியே கிடையாது என்பதால், குழு கூடும் தேதியை விசாரித்து, கால அட்டவணையை அதிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். விண்ணப்பத்தில் அவர்கள் பார்ப்பது, 1959இல் ரஸல், பர்ச் என்ற ஆய்வாளர்கள் வகுத்த மூன்று கேள்விகளை ஒட்டியே இருக்கும்: விலங்கே இல்லாமல் செய்ய முடியாதா, எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா, வலியைக் குறைக்க முடியாதா? எண்ணிக்கையைக் குறைப்பது என்பதை மூன்று எலிகளோடு நிறுத்திக்கொள்வதாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எந்த முடிவும் சொல்ல முடியாத அளவுக்குக் குறைவாக எடுத்தால், அந்த மூன்றும் வீணில் துன்புற்றதாகிவிடும். முன்னே சொன்ன எண்ணிக்கைக் கணக்கை இங்கே கட்டாயம் காட்ட வேண்டும்.

காட்டிலிருந்து செடியோ பூச்சியோ எடுப்பதாயிருந்தால் வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஆய்வுக்கு எடுத்த தாவரத்தின் ஒரு கிளையைப் பூவோடு அழுத்தி உலர்த்தி, திருச்சி ராபினாட் தாவரக உலர்மாதிரியகம், கோயம்புத்தூர் மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற ஓரிடத்தில் ஒப்படைத்துப் பதிவெண் பெற்றுக்கொள்வது, பின்னால் “நீங்கள் ஆய்ந்தது அந்தச் செடிதானா” என்ற கேள்விக்கு நிலையான பதிலாக இருக்கும்.

கணக்கும் எழுத்தும்

பக்க எண் அச்சிட்ட தைத்த நோட்டு ஒன்றை வாங்கி, அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதுங்கள். தாளைக் கிழிக்காமல், தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு அருகில் சரியானதை எழுதுங்கள். முதல் பக்கத்தில், விதைக்கும் நாளுக்கு முந்தைய தேதியிட்டு, எந்த அளவீடு முதன்மையானது என்று எழுதிவிட வேண்டும். இதற்குக் காரணம் எளிய பெருக்கல்தான். உரத்துக்கு எந்த விளைவுமே இல்லாவிட்டாலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பன்னிரண்டு அளவீடுகளை 5 சதவீத எல்லையில் (அதாவது ஒவ்வொன்றிலும் தவறாக வேறுபாடு காட்ட 5 சதவீத வாய்ப்பை ஏற்று) சோதித்தால், ஏதாவது ஒன்றிலாவது “வேறுபாடு உண்டு” என்று தவறாக வருவதற்கு 46 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் அளந்துவிட்டு, நன்றாக வந்ததைத் தலைப்பாக்குவது அந்த 46 சதவீதத்தின்மேல் வீடு கட்டுவதாகும்.

தொட்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளை விட்டிருந்தால், முதலில் தொட்டியின் சராசரியை எடுத்து, தொட்டிக்கு ஓர் எண் என்று ஆக்கிக்கொண்ட பிறகே அனோவா (குழுச் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) செய்ய வேண்டும். அட்டவணை வந்ததும் சுதந்திரப் படிகளை, அதாவது கணக்கில் சுதந்திரமாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கையை, சரிபாருங்கள். நம் அமைப்பில் மொத்தம் 23. அதில் பிளாக்குக்கு 7, உர அளவுக்கு 2, பிழைக்கு 14. பிழைக்கு எதிரே 60, 70 என்று ஏதேனும் நின்றால், மென்பொருள் செடிகளைத் தனித்தனியே எண்ணிவிட்டது என்று பொருள். வரைபடத்தில் வெறும் பட்டைகளுக்குப் பதிலாக, 24 தொட்டிகளையும் 24 புள்ளிகளாகக் காட்டுங்கள். ஒரே ஒரு தொட்டி சராசரியை இழுத்திருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பி-மதிப்பைப் பற்றி எழுதும்போது வார்த்தையை அளந்து எழுத வேண்டும். உண்மையில் உரத்தால் எந்த வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொண்டால், நாம் கண்ட அளவிலோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது. உரம் பயன்படாது என்பதற்கான வாய்ப்பை அது சொல்வதில்லை. ஆகவே முடிவுப் பகுதியில் பி-மதிப்பை மட்டும் போடாமல், வேறுபாடு எத்தனை கிராம், அதன் நம்பக இடைவெளி (உண்மையான வேறுபாடு அடங்கியிருக்கக்கூடிய எல்லை) எங்கிருந்து எங்கு வரை என்பதை முதலில் எழுதுங்கள். செய்முறைப் பகுதியில் தொட்டியின் கொள்ளளவு, மண் எங்கிருந்து வந்தது, விதையின் ரகம், பிளாக் எந்தத் திசையில் அமைந்தது, சீட்டு எப்படிக் குலுக்கியது, யார் அளந்தது என்பவை இருக்க வேண்டும். படித்தவர் ஒருவர் உங்களிடம் தொலைபேசியில் கேட்காமலே அதைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். வழியில் ஒரு தொட்டி அழுகல் நோயால் பட்டுப்போயிருந்தால், அதை அட்டவணையிலிருந்து ஓசையின்றி நீக்கிவிடாமல், அதன் எண், அது எந்த பிளாக்கில் இருந்தது, எத்தனையாவது நாள் பட்டது, கணக்கில் அதை எப்படிக் கையாண்டீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதி, நிறுத்து முடித்த உறைகளை ஆய்வேடு ஏற்கப்படும் வரை ஓர் அட்டைப்பெட்டியில் நாப்தலின் உருண்டையோடு பத்திரமாக வைத்திருங்கள்.